தங்கையைப் பறித்த நோயை எதிர்த்து ஆஸ்பத்திரி எழுப்பிய டாக்டர் அம்மையார்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயரைக் கர்ப்பிணிப் பெண்களுக்குத் தமிழக அரசு தரும் உதவித் தொகைத் திட்டத்தின் பெயராகவே இன்று பலர் அறிவர். ஊருக்குப் பிரசவத்துக்குப் போய்த் திரும்பும் போனக்காடு பெண்களுக்கும் அந்தப் பெயர் பழக்கமானதுதான். ஆனால் அந்த அம்மையார் தம் வாழ்நாளின் பிற்பகுதி முழுவதும் போராடியது வேறொரு நோயோடு. அது அவரது சொந்தத் தங்கையின் உயிரைக் குடித்த நோய்.

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு ஜூலை 30ந் தேதி புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். தாயின் குலத்தைச் சொல்லி ஊர் பேசிய பேச்சுக்களை மகள் சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்தார். பிற்காலத்தில் அவர் தேவதாசி முறையை ஒழிக்க ஏன் அத்தனை பிடிவாதமாக நின்றார் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வீட்டிலிருந்தபடியே படித்து 1902ல் மெட்ரிகுலேஷன் தேறினார். மேலே படிக்க ஆண்கள் கல்லூரியைத் தவிர வேறு இடமில்லை. ஒரு பெண் பிள்ளை, அதுவும் இந்தக் குலத்துப் பெண், பையன்களோடு உட்காருவதா என்று ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைப் பொருட்படுத்தாமல் அனுமதி கொடுத்தார். 1907ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912ல் பரிசுகளுடனும் பதக்கங்களுடனும் டாக்டர் பட்டம் பெற்றார்.

1914ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பப்படி பணி செய்வதைத் தடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்ட பிறகுதான் கல்யாணம். அந்தக் காலத்தில் மட்டுமல்ல, இந்தக் காலத்திலும் எத்தனை வீட்டில் அப்படிப் பேசி முடிக்கிறார்கள்?

தங்கையின் நோய்

நல்ல பெயரோடு டாக்டர் தொழில் நடந்து கொண்டிருந்த நாளில்தான் இடி விழுந்தது. இளம் வயதிலிருந்த தங்கைக்கு மலக்குடலில் புற்றுநோய். அக்காள் டாக்டர், மைத்துனரும் டாக்டர். பட்டணத்துப் பெரிய வைத்தியர்கள் எல்லாம் தெரிந்தவர்கள். இத்தனை இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. கண்ணெதிரே தங்கை உருகி மாண்டதை அம்மையார் கடைசிவரை மறக்கவில்லை.

குடலில் வரும் இந்த நோய் வஞ்சகமானது. மலத்தில் ரத்தம் போகும். மூலம் என்று நினைத்துக் கொள்வார்கள். அடிக்கடி வெளிக்குப் போகும், சீதபேதி என்று கஷாயம் குடிப்பார்கள். பெண்களானால் வாய் திறந்து சொல்லவே கூச்சம். மாதக்கணக்கில் இப்படிக் கழியும்போது, உள்ளே கட்டி குடல் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

வெளியே வந்தால் முதலில் போய்ச் சேரும் இடம் நிணநீர் முடிச்சுகள். தோட்ட வேலை செய்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது அல்லவா? அந்த நெறிதான் நிணநீர் முடிச்சு. உடம்பெங்கும் இப்படிப் பயறு போலவும் அவரை விதை போலவும் முடிச்சுகள் உண்டு. குடலைத் தாங்கும் கொழுப்புச் சவ்வுக்குள், ரத்தக் குழாய்களை ஒட்டி, வரிசை வரிசையாக இருக்கின்றன. கிருமியை வழிமறிப்பது போலவே புற்று அணுக்களையும் அவை வழிமறிக்கும். ஆனால் புற்று அங்கேயே குடியேறிப் பெருகிவிடும்.

இதைக் கவனித்து அறுவைச் சிகிச்சையின் போக்கையே மாற்றியவர் லண்டனில் இருந்த எர்னஸ்ட் மைல்ஸ் என்ற சர்ஜன். அவர் பழைய முறைப்படி மலக்குடலைக் கீழ்வழியாக மட்டும் அறுத்து எடுத்த 57 பேரில் 54 பேருக்கு மூன்று ஆண்டுகளுக்குள் நோய் திரும்பி வந்துவிட்டது. இறந்தவர்களைச் சோதித்ததில், விட்டுவைத்த சவ்விலும் முடிச்சுகளிலும் புற்று இருந்தது. எனவே வயிற்றையும் திறந்து, மலக்குடலோடு அந்தச் சவ்வையும் முடிச்சுகளையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று 1908ல் எழுதினார். பெரிய ஆபரேஷன். வயிற்றில் வழி வைத்து, ஆயுள் முழுவதும் அதன் வழியே மலம் கழிக்க வேண்டும். தொடக்கத்தில் ஆபரேஷன் மேஜையிலும் அதை ஒட்டிய நாட்களிலும் மாண்டவர்களே ஏராளம். பிழைத்தவர்களுக்கு நோய் திரும்புவது மட்டும் வெகுவாகக் குறைந்தது.

1925ல் முத்துலட்சுமி அரசாங்க உதவித் தொகை பெற்று மேல்பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றார். அங்கே புற்றுநோய்க்கென்றே தனியாக நடந்த ஆஸ்பத்திரியைக் கண்டார். மைல்ஸ் சர்ஜனாகப் பணியாற்றிய ஆஸ்பத்திரி அதுதான். நம் நாட்டில் கைவிரித்து அனுப்பப்படும் நோயாளிகளுக்கு அங்கே படுக்கையும் வைத்தியமும் ஆராய்ச்சியும் இருந்தன. சென்னையில் இப்படி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் உறுதிப்பட்டது.

சட்டசபையில்

ஊர் திரும்பியவரை அரசியல் இழுத்துக் கொண்டது. 1926ல் சென்னை சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டசபை உறுப்பினர் ஆனார். துணைத் தலைவராகவும் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை எதிர்த்து அவர் தொடங்கிய போராட்டம் 1947ல் தான் முழுச் சட்டமாக முடிந்தது. 1930ல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துப் பதவியைத் தூக்கி எறிந்தார். போக்கிடமில்லாத பெண் குழந்தைகளுக்காக அதே ஆண்டில் ஔவை இல்லம் தொடங்கினார். இவை பாடப் புத்தகங்களிலும் உள்ள செய்திகள்.

ஆஸ்பத்திரி எண்ணம் மட்டும் வருஷக்கணக்கில் நெஞ்சிலேயே கிடந்தது. 1935ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அதை மேடையிலேயே எடுத்துச் சொன்னார். காரியம் நடக்கவில்லை. எப்படியும் சாகப்போகிற நோயாளிகளுக்குத் தனி ஆஸ்பத்திரி எதற்கு என்பதே மேல் இடத்தில் இருந்தவர்களின் நினைப்பு. சுதந்திரம் வந்த பிறகும் அந்த நினைப்பு உடனே மாறிவிடவில்லை.

அம்மையார் சளைக்கவில்லை. 1949ல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கி, வீடு வீடாக, ஆள் ஆளாக வசூல் செய்தார். அப்போது அவருக்கு வயது 60ஐத் தாண்டிவிட்டது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியைப் புற்றுநோய் அறுவை மருத்துவம் பயில வெளிநாட்டுக்கு அனுப்பினார். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ந் தேதி ஆஸ்பத்திரி திறந்தது. மொத்தம் 12 படுக்கைகள். மறு ஆண்டு டாக்டர் சாந்தா என்ற இளம் பெண் டாக்டர், நிச்சயமான அரசாங்க வேலையை விட்டு இங்கே வந்து சேர்ந்தார். 1957ல் கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி வந்தது.

12 முடிச்சுகள்

அம்மையாரின் தங்கைக்கு வந்த நோய் இன்று வந்தால் என்ன நடக்கும்? மலக்குடலைச் சுற்றியுள்ள சவ்வை உறை கிழியாமல் முழுதாக எடுக்கும் முறையைப் பில் ஹீல்ட் என்ற ஆங்கிலேய சர்ஜன் 1982ல் எழுதினார். அதன் பிறகு நோய் அதே இடத்தில் திரும்புவது மிகவும் குறைந்தது. பலருக்கு வயிற்றில் நிரந்தர வழி வைக்க வேண்டியதும் இல்லை. மேலே பெருங்குடலில் கட்டி என்றால், அந்தத் துண்டுக் குடலோடு அதற்குரிய சவ்வையும் விசிறி போல வெட்டி எடுக்கிறார்கள்.

எடுத்ததோடு வேலை முடிவதில்லை. பரிசோதனைக் கூடத்தில் அந்தக் கொழுப்பைத் தடவித் தடவி முடிச்சுகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் நறுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். குறைந்தது 12 முடிச்சுகளாவது பார்க்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட கணக்கு. ஐந்தாறு மட்டும் பார்த்து எதிலும் இல்லை என்று எழுதிவிட்டால், ஏழாவதில் இருந்தது தப்பியிருக்கலாம். ஏன் இத்தனை கவனம் என்றால், முடிச்சில் புற்று இல்லையென்றால் பெரும்பாலும் ஆபரேஷனே போதும். ஒன்றில் இருந்தாலும் அதற்குப் பிறகு மாதக்கணக்கில் மருந்து ஊசி போட வேண்டும். அந்த மருந்து உயிர் காக்கிறது என்பது 1990 வாக்கில் நிரூபணம் ஆயிற்று.

அதிக முடிச்சுகள் பார்க்கப்பட்டவர்கள் அதிக நாள் வாழ்கிறார்கள் என்று கணக்குகள் காட்டுகின்றன. அதிகம் எடுத்ததனாலேயே பிழைத்தார்களா, அல்லது நோயின் படியைச் சரியாக அறிந்து தக்க மருந்து கொடுத்ததனால் பிழைத்தார்களா என்பதில் டாக்டர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு மேலும் மேலும் வெட்டி எடுத்தால் ஆயுள் கூடும் என்று யாரும் சொல்லவில்லை. நோய் குடலுக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தால் ஐந்து ஆண்டுகளைக் கடப்பவர்கள் மேல்நாடுகளில் நூற்றுக்கு 90 பேர் அளவில். ஈரல், நுரையீரல் என்று பரவிய பிறகு அது 15 பேர் அளவுக்கு இறங்கிவிடுகிறது.

கேரளத்தில் இந்த வசதி திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் 1981ல் தொடங்கிய ரீஜனல் கேன்சர் சென்டரில் இருக்கிறது. அகஸ்தியர் மலை அடிவாரத்துப் போனக்காட்டிலிருந்து விதுரா, நெடுமங்காடு வழியாக ஏறக்குறைய 60 கிலோ மீட்டர். நலிந்துபோன தோட்டத்து லயங்களில் இருப்பவர்களுக்கு இது ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் ஆகும் விஷயம். மலத்தில் ரத்தம் கண்டால் அது மூலமா வேறா என்று சொல்ல விதுராவில் ஒரு டாக்டர் விரல் விட்டுப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மலக்குடல் கட்டிகள் பல விரலுக்கே எட்டுபவை. கூச்சம்தான் அந்தச் சோதனையை ஒத்திப்போட வைக்கிறது.

முத்துலட்சுமி அம்மையாருக்கு 1956ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. முதுமையிலும் ஆஸ்பத்திரிக்கான வேலையை விடவில்லை. 1968 ஜூலை 22ந் தேதி, 82 வயது நிறைய எட்டே நாள் இருக்கும்போது, சென்னையில் காலமானார். மகன் கிருஷ்ணமூர்த்தி 2010 வரையிலும், சாந்தா 2021 ஜனவரி வரையிலும் வாழ்ந்து அந்த ஆஸ்பத்திரியைப் பெரிதாக்கினார்கள். பணம் கட்ட முடியாத ஏழைகளுக்கும் அங்கே இன்று படுக்கை உண்டு.