தம்பிகளுக்காகத் தொடங்கிய கணக்கு

இத்தாலி நாட்டு மிலான் நகரில், 1718-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள், செல்வம் மிக்க பட்டு வணிகர் குடும்பத்தில் மரிய கயத்தானா அஞ்ஞேசி பிறந்தார். தந்தையார் அடுத்தடுத்து மூன்று திருமணம் செய்தவர். மக்கள் 21 பேர். அவர்களுள் மூத்தவர் மரிய. பெண்களும் உயர்கல்வி கற்கலாம் என்று ஒன்பது வயதிலேயே அறிஞர் அவையில் இலத்தீனில் உரையாற்றினார். மகளை விருந்தினர் முன் வாதாடவைத்துப் பெருமைப்படுவதில் தந்தைக்கு ஆசை. கூச்சமுள்ள மகளுக்கோ அது வேம்பாய்க் கசந்தது. கன்னியர் மடம் புக விரும்பினார், தந்தை இசையவில்லை. எளிய உடைக்கும், வேண்டும்போது கோயிலுக்குப் போவதற்கும் அனுமதி பெற்று வீட்டிலேயே தங்கினார்.

தம்பிகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய குறிப்புகளே வளர்ந்து, 1748-இல் இரண்டு பாகங்களாய், ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட நூலாயின. இலத்தீனில் வல்லவராயிருந்தும் இளையோருக்கு விளங்கும் இத்தாலிய மொழியிலேயே எழுதினார். நியூட்டன், லைப்னிட்ஸ் முதலியோர் கண்டவை அங்குமிங்கும் சிதறிக் கிடந்த காலம் அது. தெரிந்த அளவுக்கு ஓர் எழுத்து, தெரியாததற்கு ஓர் எழுத்து இட்டுச் சமன்பாடு அமைப்பதைச் சொல்லி, பிறகு வளைகோடுகள், அதன்பின் வகையீடு, தொகையீடு என்று படிப்படியாய் ஏற்றிச் செல்கிறார். விதியைச் சொல்லிவிட்டு மாணவரைத் தனியே விட்டுவிடும் ஆசிரியர் அல்லர். உடனே ஒரு கணக்கைச் செய்து காட்டுவார். அல்ஜீப்ராவில் 'எக்ஸ் என்க' என்று எழுதி அடுத்த வரி தெரியாமல் பேனாவைக் கடிக்கும் நம் மாணவியருக்கு இதன் அருமை விளங்கும்!

அந்நூலில் வரும் வளைகோடு ஒன்றின் பெயரை ஆங்கிலத்தில் பெயர்த்த கோல்சன் என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர், இத்தாலியச் சொல்லைத் தவறாகக் கொண்டு அதைச் 'சூனியக்காரி' ஆக்கிவிட்டார். இன்றும் ஆங்கிலப் புத்தகங்களில் அது 'அஞ்ஞேசியின் சூனியக்காரி'தான். பாவம்!

பேரரசி மரிய தெரேசா வைர மோதிரம் அனுப்பினார். திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் 1750-இல் பொலோஞ்ஞா பல்கலைக்கழகத்தில் பதவி அளித்தார். பாடம் நடத்த அவர் அங்குச் செல்லவேயில்லை. 1752-இல் தந்தை இறந்தபின் கணக்கையும் விட்டார். 1762-இல் இளைஞர் லக்ராஞ்சின் ஆய்வுகளைப் பற்றித் தூரின் பல்கலைக்கழகம் கருத்துக் கேட்டபோது, தமக்கு இனி அதில் ஈடுபாடில்லை என்று மறுத்துவிட்டார். கணிதத்துக்கு அது இழப்பே. ஆனால் மிலானின் ஏழைப் பெண்கள் அப்படி நினைத்திருக்கமாட்டார்கள்: நோயாளிகளைத் தம் வீட்டிலேயே வைத்துப் பேணினார், பேரரசியின் பரிசுகளையும் விற்று அவர்களுக்கே செலவிட்டார். 1771-இல் திறந்த திரிவுல்சியோ முதியோர் இல்லத்தில் பெண்கள் பகுதியின் பொறுப்பேற்றார். அங்கேயே 1799-ஆம் ஆண்டு ஜனவரி 9-இல், 80-ஆம் வயதில் உயிர் நீத்தார். ஏழைகளோடு ஏழையாய்ப் பொதுக் குழியில் அவரை அடக்கம் செய்தனர்.