தோல்வியில் கற்ற தளபதி

இங்கிலாந்து நாட்டின் பிரிஸ்டல் நகரில் 1891ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் வில்லியம் ஸ்லிம் பிறந்தார். இவர்தம் தந்தை இரும்புச் சாமான் வணிகர். குடும்பத்தில் பொருள் வசதி இல்லாமையால் ஸ்லிமால் கல்லூரியில் பயில இயலவில்லை. பர்மிங்காம் நகரில் தொடக்கப்பள்ளி ஆசிரியராகவும், பின்னர் உலோகக் குழாய் நிறுவனம் ஒன்றில் எழுத்தராகவும் பணியாற்றினார்.

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. ஸ்லிம் படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். 1915இல் துருக்கி நாட்டின் கலிப்பொலியில் நடந்த போரில் படுகாயமுற்றார். உடல் தேறியபின், இன்று ஈராக் எனப்படும் மெசபொட்டேமியாவில் போரிட்டு, 1917இல் மீண்டும் காயமடைந்தார். இவரது வீரத்திற்காக 1918இல் ‘மிலிட்டரி கிராஸ்’ விருது வழங்கப்பட்டது. கலிப்பொலியில் கூர்க்கா வீரர்களின் துணிவைக் கண்டு வியந்த ஸ்லிம், போர் முடிந்தபின் இந்தியப் படைக்கு வந்து கூர்க்காப் பிரிவில் சேர்ந்தார். அவர்களுடைய மொழியையும் கற்றுக்கொண்டார்.

இரண்டாம் உலகப்போரில் இவருக்கு முதலில் கிட்டியது வெற்றியன்று. 1940இல் சூடான் எல்லையிலுள்ள கல்லாபத் கோட்டையை இவருடைய படை கைப்பற்றியது. ஆனால் அதனைத் தக்கவைத்துக்கொள்ள இயலாமல் பின்வாங்கியது. துணிந்து முன்னேறாமல் பின்வாங்க ஆணையிட்டது தம் பிழையே என்று ஸ்லிம் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

1942 மார்ச்சு மாதம் பர்மாவில் இருந்த படைக்கு இவர் தலைமை ஏற்றார். ஜப்பானியப் படை விரைந்து முன்னேறியது. ஸ்லிமின் படை ஏறத்தாழ 1,450 கிலோமீட்டர் தொலைவு பின்வாங்கி, மே மாதத்தில் மணிப்பூரை அடைந்தது. பர்மாவில் வாழ்ந்த இந்தியர் பல இலட்சம் பேரும் தாயகம் நோக்கிப் புறப்பட்டனர். அவர்களுள் தமிழர் பலர் இருந்தனர். பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டோர் எண்ணற்றோர். இறுதி நாளன்று ஸ்லிம் சாலையோர மேட்டில் நின்று, கடைசியாக வந்த வீரர்களைப் பார்த்தார். அவர்கள் உடல் மெலிந்து, உடை கிழிந்து நடந்து வந்தனர். எனினும் படைக்கலங்களைக் கைவிடவில்லை, அணிவகுப்பும் குலையவில்லை. அவ்வீரர்களை மீண்டும் வெற்றிபெறச் செய்ய வேண்டிய பொறுப்பு ஸ்லிமுக்கு இருந்தது.

1943இல் பதினான்காம் படைக்கு இவர் தளபதியானார். அப்படையினருள் பெரும்பாலோர் இந்தியர். மதராஸ் ரெஜிமென்ட் வீரர்களும் அதில் இருந்தனர். அக்காலத்தில் காயமுற்று மருத்துவமனை சென்றவர் ஒருவர் என்றால், மலேரியா முதலிய நோய்களால் சென்றவர் நூற்றிருபது பேர். எனவே வீரர் அனைவரும் நாள்தோறும் தடுப்பு மாத்திரை உண்ண வேண்டும் என்று ஸ்லிம் ஆணையிட்டார். அதனைக் கண்காணிக்கத் தவறிய அதிகாரிகள் மூவரைப் பதவியிலிருந்து நீக்கினார். நோய் வெகுவாகக் குறைந்தது. விமானத்திலிருந்து உணவுப் பொருள்களை இறக்கப் போதிய பட்டு வான்குடைகள் கிடைக்கவில்லை. வங்காளத்துச் சணலைக் கொண்டு வான்குடைகள் செய்யப்பட்டன. போர்முனையில் உள்ளோர்க்கு உணவு பாதியாகக் குறைந்தால், தம் தலைமையகத்தாரும் பாதி உணவே உண்ண வேண்டும் என்று விதித்தார். வீரர்கள் இவரை அன்போடு ‘பில் மாமா’ என்று அழைத்தனர்.

1944இல் ஜப்பானியர் இம்பாலையும் கோகிமாவையும் தாக்கினர். கோகிமாவுக்கு வரும் எதிரிப் படையின் அளவை ஸ்லிம் குறைவாகக் கணித்திருந்தார். அங்கிருந்த சிறு படை அரும்பாடுபட்டு எதிர்த்து நின்றது. அப்படையின் உறுதியே தம் பிழையின் விளைவிலிருந்து தம்மைக் காத்தது என்பதை அவர் மறைக்கவில்லை. ஜூலை மாதத்தில் ஜப்பானியர் பின்வாங்கினர். அவ்வாண்டு டிசம்பரில் இம்பாலிலேயே ஸ்லிமுக்குச் ‘சர்’ பட்டம் வழங்கப்பட்டது. 1945 மே மாதத்தில் ரங்கூன் மீட்கப்பட்டது.

1948இல் பிரிட்டிஷ் தரைப்படையின் தலைமைப் பதவி இவரைத் தேடி வந்தது. இந்தியப் படையில் பணியாற்றியவருள் அப்பதவியை முதன்முதலில் பெற்றவர் இவரே. 1953 முதல் 1960 வரை ஆஸ்திரேலியாவின் தலைமை ஆளுநராக விளங்கினார். 1956இல் தம் போர் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். அதில் வெற்றிக்கான புகழை வீரர்களுக்கு வழங்கினார். தம் தவறுகளைத் தம் கையாலேயே எழுதினார். 1970 டிசம்பர் 14ஆம் நாள் மறைந்தார்.

தோல்வி யாவர்க்கும் வரும். அதற்குப் பிறர்மேல் பழி சுமத்தாமல் காரணம் தேடியவர் ஸ்லிம். பதக்கங்களினும் அப்பண்பே அவருக்குப் பெருமை சேர்க்கிறது.

பயிற்சி

1. ஸ்லிம் இந்தியப் படையில் சேர விரும்பியது ஏன்?
2. வீரர்களின் உடல்நலம் காக்க அவர் எடுத்த நடவடிக்கை யாது?
3. ஸ்லிம் ஒப்புக்கொண்ட பிழைகள் இரண்டினை எழுதுக.
4. நீ செய்த தவறு ஒன்றிலிருந்து கற்றுக்கொண்டதை ஐந்து வரிகளில் எழுதுக.