தமஸ்கு யோவான்

உயிர்த்தெழுந்த திருநாளின் நள்ளிரவிலே கிரேக்கத் திருச்சபையார் விளக்கேந்தி நின்று இன்றும் பாடும் பாஸ்காக் கீதத்தை இயற்றியவர், ஒருகாலத்துப் பாடவே தடுக்கப்பட்டவர் என்பது நமக்கு வியப்பைத் தருகின்றது.

ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமஸ்கு நகரில் உயர்குடியிற் பிறந்த யோவான், தந்தையாரைப் போலவே கலீபாவின் அரசில் வரி அலுவல் பார்த்தவர் என்பர். பின்னர் அனைத்தையுந் துறந்து, எருசலேமுக்கு அணித்தாகக் கீதரோன் பள்ளத்தாக்கிலுள்ள மார் சாபா மடத்தை அடைந்தார். ஆங்கு அவர்க்குக் குருவாய் அமைந்த முதியவர், செய்யுள் இயற்றலாகாதெனக் கட்டளையிட்டாராம். புலவர்க்கு இதனினுங் கொடிய நோன்பு யாதுளது? உடன்பிறந்தானை இழந்த துறவியொருவர் அழுது வேண்ட, யோவான் மனமிளகி இரங்கற்பா ஒன்று பாடிவிட்டார். அதற்குப் பிராயச்சித்தமாக மடத்து மலசலகூடங்களைத் துப்புரவு செய்யுமாறு பணிக்கப்பட்டு, முகங்கோணாது செய்தார். அதுகண்ட முதியவர் தடையை நீக்கினாரெனப் பழஞ்சரிதை கூறும். கலீபாவால் வெட்டுண்ட யோவானின் கை மீண்டும் பொருந்திற்றென்னுங் கதையினும் இதுவே நமக்கு உவப்பானது.

அவரது பாஸ்காக் கீதம் எட்டுப் பகுதிகளையுடையது. இஸ்ரவேலர் செங்கடலைக் கடந்து பாடிய பாட்டை அடியொற்றித் தொடங்கி, மரணத்தைக் கடந்த கிறிஸ்துவைக் கொண்டாட வானையும் மண்ணையும் ஒருங்கே அழைப்பது.

749ஆம் ஆண்டையொட்டி யோவான் மறைந்தார். அக்கீதத்தின் முதற்பகுதியை ஜான் மேசன் நீல் என்னுங் குரு 1862இல் ஆங்கிலமாக்கினார். ஆங்கில ஆலயங்களில் ஈஸ்டர் நாளில் இன்றும் அது பாடப்பெறுகின்றது.