கணித மேதை இராமானுஜனும் உபகாரச் சம்பளமும்

கடல் கடந்து சென்று கல்வி கற்க விரும்பும் மாணாக்கர் எக்கலாசாலையிலும் சிலர் உளர். விண்ணப்பத் தாளைப் பெற்று, அதிலுள்ள வினாக்களைக் கண்ட அளவிலே, தக்க மதிப்பெண் இல்லை, பரிந்துரைப்பார் இல்லை என்று அதனை மடித்து வைத்து விடுவாரும் அவருள் உளர். யான் பிறந்த போடிநாயக்கனூரிலும், அதற்கு மேற்கே உயர்ந்து செல்லும் ஏலமலைச் சரிவுகளிலும் இவ்வெண்ணம் மிகுதி. சீமைப் படிப்பு என்பது ஏலக்காய் வியாபாரத்தில் பெரும்பொருள் ஈட்டியவர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியது என்று தோட்டத் தொழிலாளர் பலர் கருதுகின்றனர். அன்னார் ஸ்ரீ சீனிவாச இராமானுஜன் அவர்களுடைய வரலாற்றை, அவர் கண்ட கணித உண்மைகளுக்காக அன்றி, அவர் எழுதிய விண்ணப்பங்களுக்காக ஒருமுறை நோக்குதல் நலம். அவருடைய கணிதத்தை விளக்குதல் தமிழ் மாணாக்கனாகிய எனக்கு இயல்வதும் அன்று.

இராமானுஜன் 1887 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார். தந்தையார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள் கோவிலில் பஜனை பாடுபவர். 1903 ஆம் ஆண்டு, கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணிதச் சுருக்க நூல் ஒன்று அவர்க்கு இரவலாகக் கிடைத்தது. அதன்பின் அவர் மனம் வேறொன்றிலும் செல்லவில்லை. 1904 இல் கும்பகோணம் அரசாங்கக் கலாசாலையில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் தவறியமையால் அதனை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கலாசாலையில் பயின்று எப். ஏ. பரீட்சை எழுதினார், தவறினார். 1907 இல் தனியாக எழுதினார், மீண்டும் தவறினார்.

எம் மலைகளில் காயெடுப்பார் அறிந்த செய்தி ஒன்றை இங்குக் கூறலாம். ஓர் ஏலச் செடியில் உள்ள காய்கள் ஒருங்கே முதிர்வதில்லை. ஆதலின், முதிர்ந்தவற்றை மட்டும் எடுத்து, மற்றவற்றை விட்டு, சில வாரங் கழித்து மீண்டும் அச்செடியினிடத்தே வருவர். சர்வகலாசாலைப் பரீட்சையோ எல்லாப் பாடங்களையும் ஒரே நாளில் முதிர்ந்திருக்க வேண்டும் என்று கேட்பது. கணிதம் ஒன்றே முற்றி, ஏனையவை பிஞ்சாய் நின்ற இராமானுஜன் அதில் தேறாமை வியப்பன்று.

1909 இல் அவர்க்கு மணம் நிகழ்ந்தது. பின்பு வேலை தேடத் தொடங்கினார். தம் கணக்கு நோட்டுப் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெரியோர் வாயில்தோறும் சென்றார். இந்தியக் கணித சங்கத்தை நிறுவிய ஸ்ரீ வி. இராமசாமி ஐயர் அப்பொழுது டிப்டி கலெக்டர். தம் அலுவலகத்தில் ஒரு சிறு வேலை தந்து இவ்வறிவை மழுங்கச் செய்தல் தகாது என்று கருதி, வேறு அன்பர்களிடம் அனுப்பினார். நெல்லூர்க் கலெக்டர் ஸ்ரீ இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் ரூ. 25 தம் கைப்பொருளிலிருந்து அளித்து வந்தார். உபகாரச் சம்பளம் பெறச் செய்த முயற்சிகள் அந்நாளில் பலிக்கவில்லை. ஒருவர் பொருளில் நெடுநாள் வாழ இராமானுஜன் விரும்பவும் இல்லை. 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுக டிரஸ்டுக்கு விண்ணப்பம் எழுதினார். அதில், பரீட்சையில் தவறியதைக் கூறாது, எப். ஏ. வரை பயின்றதாகவும், சில இடையூறுகளால் மேலே தொடர இயலவில்லை என்றும் நயம்பட எழுதியிருந்தார். மார்ச்சு முதல் நாள் மாதம் ரூ. 30 சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அவ்வலுவலகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பவரும், மேலதிகாரி ஸ்ரீ நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவராயிருந்தமை அவரது நற்பேறு.

இனிக் கூறுவதே இவ்வரலாற்றின் உயிர்நாடி. 1913 ஜனவரி 16 ஆம் நாள், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கலாசாலையின் ஆசிரியர் ஹார்டிக்கு இராமானுஜன் ஒரு கடிதம் எழுதினார். அதற்கு முன் வேறு அறிஞர்க்கு எழுதியவை பயன் தரவில்லை. தாம் ஆண்டுக்கு 20 பவுன் சம்பளம் பெறும் குமாஸ்தா என்பதையும், சர்வகலாசாலைக் கல்வி பெறாதவர் என்பதையும் அவர் மறைக்கவில்லை. வயதை மட்டும் இரண்டாண்டு குறைத்து எழுதினார். அதற்குக் காரணம் யாதாயினும் ஆகுக. கடிதத்துடன் ஏறத்தாழ 120 கணித முடிபுகள் நிரூபணம் இன்றி இருந்தன. ஹார்டி தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அவற்றை ஆராய்ந்து, எழுதியவர் முதல்தரமான அறிஞர் என்று துணிந்தார்.

அவ்வமயமே வானிலை ஆராய்ச்சித் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்து, நோட்டுப் புத்தகங்களைக் கண்டு, சென்னைச் சர்வகலாசாலைக்குப் பரிந்து எழுதினார். ஆயினும் ஒரு தடை நின்றது. ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் எம். ஏ. பட்டம் பெற்றார்க்கே உரியது என்பது விதி. இவரோ எப். ஏ. யும் தேறாதவர். சிண்டிகேட்டில் இது வாதிக்கப்பட்டபொழுது, உயர்நீதிமன்ற நீதிபதி ஸ்ரீ பி. ஆர். சுந்தரமையர், சர்வகலாசாலையை நிறுவிய சட்டத்தின் முகவுரையில் ஆராய்ச்சியை வளர்த்தலே அதன் நோக்கங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டிருப்பதை எடுத்துக்காட்டினார் என்பர். விதி நோக்கத்துக்கு வழிவிட்டது. மாதம் ரூ. 75, இரண்டாண்டுகளுக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை அளித்தல் வேண்டும் என்பதே நிபந்தனை. பரீட்சையில் தவறியவனுக்கு இத்துணைச் சலுகையா என்று முணுமுணுத்தாரும் அக்காலத்தில் இருந்திருப்பர். அவர்களையும் முற்றும் குறைகூற இயலாது. விதி இல்லாத இடத்தில் செல்வாக்கு அரசாளும் அன்றோ?

சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலைப் பேராசிரியர் ராஸ் என்பவரைப் பற்றி ஒரு செய்தி வழங்குகின்றது. அவர் ஒருநாள் வகுப்பினுள் வந்து, இராமானுஜனுக்குப் போலிஷ் மொழி தெரியுமா என்று மாணாக்கரை வினவினாராம். போலந்து நாட்டுக் கணிதர் ஒருவர் எழுதி அப்பொழுதே தபாலில் வந்த கட்டுரையின் முடிபை இராமானுஜன் முன்னரே கண்டிருந்தமையே அதற்குக் காரணம்.

கேம்பிரிட்ஜுக்கு வரும்படி ஹார்டி முதலில் முயன்றபொழுது, கடல் கடத்தல் குலவழக்கத்திற்கு மாறு என்று இராமானுஜன் மறுத்திருந்தார். 1914 தொடக்கத்தில் நெவில் என்னும் இளம் பேராசிரியர் சொற்பொழிவாற்றச் சென்னைக்கு வந்தார். இம்முறை இராமானுஜன் இசைந்தார். தாயார் கண்ட கனவு ஒன்றே அவர் மனத்தை இளக்கியது என்பர். நெவில் சர்வகலாசாலையின் ரிஜிஸ்திரார்க்கு ஊக்கத்தோடு எழுதினார். ஆண்டுக்கு 250 பவுன் வழங்கத் தீர்மானமாயிற்று. பிரயாணத்துக்கும் உடைக்கும் வேறு தொகை. அந்த 250 இல் 50 பவுன் கும்பகோணத்துக் குடும்பத்திற்கென ஒதுக்கப்பட்டது. டிரினிட்டி கலாசாலை 60 பவுன் அளித்தது. மார்ச்சு 17 ஆம் நாள் குடுமியும் வேட்டியும் நீத்துக் கப்பல் ஏறினார்.

அங்கு அவர் பெற்ற புகழ் யாவரும் அறிந்ததே. 1916 இல் ஆராய்ச்சியால் பி. ஏ. பட்டம், 1918 இல் ராயல் சொசைட்டியின் பெல்லோ, அவ்வாண்டு அக்டோபரில் டிரினிட்டியின் பெல்லோ. வாடகைக் காரின் எண் பற்றிய கதையைப் பள்ளிச் சிறுவரும் கூறுவர். ஈண்டு அதனை விடுகின்றேன். யுத்த காலத்துச் சீமையில் மரக்கறி உணவு அரிது. குளிரும் தனிமையும் வேறு. 1917 முதல் அவர் நாட்கள் பெரும்பாலும் வைத்திய விடுதிகளிலேயே கழிந்தன.

அவருடைய விண்ணப்பங்களைக் கூறத் தொடங்கினமையால், 1919 ஜனவரி 11 ஆம் நாள் லண்டன் பட்னியிலிருந்து சென்னைச் சர்வகலாசாலை ரிஜிஸ்திரார் டியூஸ்பரிக்கு அவர் எழுதிய கடிதத்தையும் கூறவேண்டும். தாய்நாடு திரும்பும் அவர்க்கு ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 250 பவுன் அளிப்பதென்று சர்வகலாசாலை முடிவு செய்திருந்தது. அதற்கு நன்றி கூறிய இராமானுஜன், அத்தொகை தமக்கு மிகுதி என்று எழுதினார். பெற்றோர்க்கு 50 பவுன் கொடுத்து, தம் இன்றியமையாச் செலவும் போக எஞ்சுவதை, ஏழைச் சிறுவர்க்கும் அநாதைகட்கும் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகங்கள் வாங்கவும் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நோயால் மெலிந்து கிடந்த நிலையில், இரவல் நூலால் கணிதம் கற்றவர் செய்த விண்ணப்பம் அது. அப்பொழுது அவர்க்கு வயது 31. மார்ச்சு மாதம் தாய்நாடு வந்து சேர்ந்தார். 1920 ஏப்ரல் 26 ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் நீத்தார்.