தசையின் ரகசியம் கண்ட டாக்டர் சுப்பாராவ்

ஐந்து வயதுப் பையன். ஓடினால் அடிக்கடி விழுகிறான். தொடையில் கையை ஊன்றித்தான் எழுந்திருக்கிறான். கெண்டைக்கால் மட்டும் பருத்து இருக்கிறது.

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ இப்படி ஒரு பையனை டாக்டரிடம் காட்டினால், அவர் முதலில் ரத்தத்தைச் சோதிக்கச் சொல்வார். டூஷேன் என்னும் தசைச் சிதைவு நோயா என்று பார்க்க வேண்டும். சுமார் 5 ஆயிரம் ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வரும் பரம்பரை நோய் இது. பெரும்பாலும் தாய் வழியாக வருகிறது. அதற்காகத் தாயைக் குறை சொல்வது அறியாமை.

அந்தச் சோதனைக்கு அடிப்படை போட்டவர்களில் ஒருவர் சென்னையில் படித்தவர். பள்ளிப் பரீட்சையில் இரண்டு முறை தோற்றவர்!

கதர் அங்கி

எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்தில் பிறந்தார். சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, மூன்றாவது முறை தேறினார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார்.

அது காந்தியடிகள் கதர் உடுத்தச் சொன்ன காலம். அறுவை சிகிச்சை அங்கியையும் சுப்பாராவ் கதரிலே போட்டுக்கொண்டார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது.

1922-ல் மாமனார் உதவியுடன் அமெரிக்கா போனார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். செலவுக்குப் பணம் இல்லை. ஓர் ஆஸ்பத்திரியில் இரவு வேலைக்குப் போய், நோயாளிகளின் மலச்சட்டிகளைக் கழுவினார்.

முந்தானைக் காசு

1927-ல் அவரும் பேராசிரியர் பிஸ்க்கும், தசைக்குள் இருக்கும் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளைக் கண்டறிந்து சொன்னார்கள்.

அது என்ன? தசை வேலை செய்யச் செலவழிக்கும் காசு, ஏ.டி.பி. என்ற பொருள். 1929-ல் அதையும் இருவரும் கண்டுபிடித்தார்கள். காசு தீர்ந்துபோனால் அவசரத்துக்கு உதவுவது பாஸ்போகிரியேட்டின். பெண்கள் முந்தானையில் முடிந்து வைக்கும் காசு மாதிரி! அந்த முடிச்சை அவிழ்ப்பது, கிரியேட்டின் கைனேஸ் என்ற இன்னொரு பொருள். அது தசைக்குள்ளேயே இருக்க வேண்டியது. தசை சிதைந்தால், ரத்தத்தில் கசிந்துவிடும்.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார். விழுப்புரம் மாவட்டத்தில் வீடு வீடாகக் கொடுத்தார்களே, யானைக்கால் நோய் மாத்திரை, அந்த மருந்து 1947-ல் அவருடைய குழுவினர் கண்டதுதான்.

1948 ஆகஸ்டில், 53-வது வயதில், நியூயார்க்கில் தூக்கத்திலேயே இறந்தார். இந்தியாவில் விட்டுவிட்டுப் போன மனைவி சேஷகிரியை, அந்த 26 ஆண்டுகளில் ஒரு முறைகூடத் திரும்பி வந்து பார்க்கவில்லை. எவ்வளவு பெரிய விஞ்ஞானி என்றாலும், இது மனத்தை உறுத்தத்தான் செய்கிறது.

1959-ல் ஜப்பானில் எபாஷி என்ற விஞ்ஞானியும் அவருடன் இருந்தவர்களும், தசைச் சிதைவு நோயாளிகளின் ரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் மிக அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். அன்றிலிருந்து வந்ததுதான் இந்த ரத்தச் சோதனை. நோயை மரபணுச் சோதனை செய்து உறுதிப்படுத்துகிறார்கள். அடியோடு தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால், பையன் இன்னும் சில காலம் கூடுதலாக நடக்கிறான்.