கியோம் லெ ஜென்டில்

கியோம் லெ ஜென்டில் (செப்டம்பர் 12, 1725 - அக்டோபர் 22, 1792) பிரான்சு நாட்டைச் சேர்ந்த வானியலாளர் ஆவார். வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து அளப்பதற்காகப் புறப்பட்டு, பதினோரு ஆண்டுகளுக்கு மேல் பயணம் செய்தும் அந்நோக்கம் நிறைவேறாது திரும்பியவர் என அறியப்படுகிறார்.

இளமை

நார்மண்டியிலுள்ள கூத்தான்சு நகரில் பிறந்தார். இறையியல் பயிலப் பாரிசு சென்ற இவர், தெலீல் என்பவரின் விரிவுரைகளைக் கேட்டு வானியலில் ஈடுபாடு கொண்டார். 1749 இல் ஆந்திரோமெடா விண்மீன் பேரடையின் துணைப் பேரடையான எம்32 ஐக் கண்டறிந்தார். 1753 இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் உறுப்பினரானார்.

சூரியக் கடப்பும் சார்பு இயக்கமும்

ஓடும் பேருந்திலிருந்து பார்க்கும்போது அருகிலுள்ள மரங்கள் விரைவாகவும் தொலைவிலுள்ள மலைகள் மெதுவாகவும் பின்செல்வதாகத் தோன்றும். பார்ப்பவரின் இடம் மாறுவதால் ஏற்படும் இத்தோற்ற மாற்றமே தொலைவை அளக்க உதவுகிறது. வெள்ளி, பூமிக்கும் சூரியனுக்கும் இடையே வரும்போது சூரிய வட்டத்தின் மீது ஒரு கரும்புள்ளியாக நகர்வதைக் காணலாம். உலகின் வெவ்வேறு இடங்களில் இருப்போருக்கு அப்புள்ளியின் பாதை சற்றே மாறுபடும். இவ்வேறுபாட்டிலிருந்து சூரியனின் தொலைவைக் கணக்கிடலாம். இந்நிகழ்வு எட்டாண்டு இடைவெளியில் இருமுறை நிகழ்ந்து, பின்னர் நூறாண்டுகளுக்கு மேல் நிகழாது.

முதல் முயற்சி

1760 மார்ச்சில் பிரான்சிலிருந்து புறப்பட்டு மொரிசியசை அடைந்தார். அங்கிருந்து 1761 மார்ச்சில் வேறொரு கப்பலில் புதுச்சேரி நோக்கிச் சென்றார். பாய்மரக் கப்பலாதலால் காற்று சாதகமாக இல்லாதபோது பயணம் தாமதமாயிற்று. மாகே அருகே வந்தபோது, புதுச்சேரியை ஆங்கிலேயர் கைப்பற்றிவிட்ட செய்தி கிடைத்ததால் கப்பல் திரும்பியது. சூன் 6 அன்று நடுக்கடலில் இருந்தே கடப்பைக் கண்டார். ஆனால் அலையில் ஆடும் தளத்தில் ஊசல் கடிகாரம் சீராக இயங்காது. தொலைநோக்கியும் சூரியனைச் சார்ந்து அசைந்துகொண்டே இருக்கும். கப்பல் இருந்த இடமும் துல்லியமாகத் தெரியவில்லை. ஆகவே அவ்வவதானிப்பு பயன்படவில்லை.

புதுச்சேரியில்

அடுத்த கடப்புக்காக எட்டாண்டுகள் காத்திருக்க முடிவு செய்து, மடகாசுகர் கரையோரத்தை ஆய்ந்தார். 1766 இல் மணிலா சென்று, பின்னர் 1768 மார்ச் 27 அன்று, மீண்டும் பிரெஞ்சு ஆட்சிக்கு வந்திருந்த புதுச்சேரியை அடைந்தார். ஆளுநர் லா தெ லொரிசுதோனின் ஆதரவுடன், இடிந்த கோட்டையின் எச்சங்கள் மீது வானாய்வகம் அமைக்கப்பட்டது. சென்னையிலிருந்த ஆங்கிலேயர் தொலைநோக்கி ஒன்றை அளித்து உதவினர்.

இக்காலத்தில் தமிழர்களின் வானியல் முறையைக் கற்றார். சோழிகளை வைத்து, மனப்பாடமான வாய்பாடுகளின் துணையுடன் கிரகணம் கணிக்கப்படுவதைக் கண்டு வியந்தார். 1765 ஆகத்து 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணிப்பு 41 வினாடி குறைவாகவும், ஐரோப்பிய அட்டவணை 68 வினாடி கூடுதலாகவும் இருந்தன. வில்லியனூர்க் கோயிலைப் பற்றியும், அரிக்கமேட்டுப் பகுதியின் பழைய இடிபாடுகளைப் பற்றியும் குறிப்புகள் எழுதினார்.

1769 சூன் 3 மாலை வானம் தெளிவாக இருந்தது. மறுநாள் விடியலில் மேகம் மூடியது. கடப்பு முடிந்த பின்னரே சூரியன் வெளிப்பட்டது. அவர் விட்டு வந்த மணிலாவில் அன்று வானம் தெளிவாக இருந்தது.

திரும்புதலும் இறுதிக் காலமும்

மனச்சோர்வும் நோயும் வாட்ட, 1770 மார்ச்சில் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். புயல்களில் சிக்கி, 1771 அக்டோபரில் பிரான்சை அடைந்தார். அவர் இறந்துவிட்டதாகக் கருதி உறவினர் சொத்தைப் பங்கிட முற்பட்டிருந்தனர். அறிவியல் கழகத்தில் அவரது இடமும் பிறருக்கு வழங்கப்பட்டிருந்தது. கழக இடத்தை மீண்டும் பெற்று, திருமணம் செய்துகொண்டு, பாரிசு வானாய்வகத்தில் வாழ்ந்தார். இந்தியக் கடற்பயணம் குறித்த இவரது நூல் 1779, 1781 ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்தது.

1769 இல் பிற இடங்களில் கிடைத்த அளவீடுகளைக் கொண்டு சூரியனின் தொலைவு ஏறத்தாழச் சரியாகக் கணக்கிடப்பட்டது. நிலவிலுள்ள கிண்ணக்குழி ஒன்றுக்கு லெ ஜென்டில் எனப் பெயரிடப்பட்டுள்ளது. 2004, 2012 ஆம் ஆண்டுகளின் கடப்புகளை இந்தியாவிலிருந்து காண முடிந்தது. அடுத்த கடப்பு 2117 இல் நிகழும்.