ராமானுஜனுக்குப் போய்ச் சேராத கடிதம்: பாசம் எப்போது பாரமாகிறது?

அந்தியூரில் பஸ் ஏறினால், பவானி தாண்டி ஈரோடு. கணித மேதை ராமானுஜன் பிறந்தது அங்கேதான், அம்மாவின் பிறந்த வீட்டில், 1887 டிசம்பர் 22-ல். வளர்ந்தது கும்பகோணம். அவர் போட்ட கணக்கு பற்றி நிறையப் பேசியாச்சு. அவரைச் சுற்றியிருந்த பாசத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

அம்மா பிள்ளை

அப்பா சீனிவாச ஐயங்கார் துணிக்கடைக் கணக்கர். வீட்டில் அம்மா கோமளத்தம்மாள் வைத்ததுதான் சட்டம். மகனோடு உட்கார்ந்து ஆடுபுலி ஆட்டம் ஆடுவார். ஜானகியைப் பெண் பார்த்து, 1909-ல் கல்யாணம் முடித்ததும் அவர்தான். ஜானகிக்கு அப்போது வயது 10.

1914 மார்ச் 17-ல் ராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். ஜானகி மாமியாரிடமே இருந்தார். கணவருக்குப் போகும் தின்பண்டப் பார்சலில் ஒருமுறை ரகசியமாகக் கடிதம் வைத்தார். மாமியார் அதைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டார். அங்கே போரும் குளிரும். சைவச் சாப்பாட்டுக்கும் திண்டாட்டம். முதலில் அடிக்கடி வீட்டுக்கு எழுதியவர், 1917 வாக்கில் கிட்டத்தட்ட நிறுத்தியே விட்டார். அதே ஆண்டு நோயில் விழுந்தார்.

உளவியல் என்ன சொல்கிறது?

பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியின் 'அட்டாச்மென்ட்' கோட்பாட்டின்படி, நெருங்கிய உறவு என்பது பாதுகாப்பான ஒரு தளம். அது இருக்கிற தைரியத்தில்தான் குழந்தை தள்ளிப்போய் உலகத்தைப் பார்க்கும். பயந்தால் திரும்பி ஓடிவரும். பெரியவர்களின் காதலிலும் இதே தேவை உண்டு என்று 1987-ல் ஹசன், ஷேவர் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ராமானுஜன் வீட்டில் பாசத்துக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் ஒரு பாசம் இன்னொன்றுக்கு வழிவிடவில்லை.

கொடுமுடியில் ஒரு நாள்

1919-ல் ஊர் திரும்பியதும், பம்பாய் துறைமுகத்தில் அம்மாவிடம் அவர் முதலில் விசாரித்தது ஜானகியைத்தான். பிறகு சில மாதங்கள் கொடுமுடியில் தங்கினார்கள். பூணூல் மாற்றக் காவிரிக்குக் கிளம்பியபோது ஜானகியும் வர ஆசைப்பட்டார். அம்மா வேண்டாம் என்றார். மகன், வரட்டும் என்று சொல்லிவிட்டார். சின்ன விஷயம்தான். ஆனால் அந்த வீட்டில் அது பெரிய மாற்றம்.

அதன்பின் கிடைத்தது சில மாதங்களே. வலி வரும்போது ஜானகி ஒத்தடம் கொடுத்தார். அவர் படுத்தபடியே கணக்கு எழுதினார். 1920 ஏப்ரல் 26-ல், 32 வயதில் இறந்தார். ஜானகி 1994 வரை இருந்தார்.

கோமளத்தம்மாள் கெட்டவர் இல்லைங்க; மகன் கைவிட்டுப் போவானோ என்று பயந்தவர். அந்தப் பயம் இன்றும் பல வீடுகளில், அடுத்தவர் போனை எடுத்துப் பார்க்கும் பழக்கமாக இருக்கிறது. பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் உறவு அறுந்துவிடாது.